கம்பனிச் சோடாவும் எங்கள் இஞ்சிச் சோடாவும்

என் பிள்ளைகளே, நீங்கள் பள்ளிக்கூடம் போன காலத்தில் உங்களைச் சில பேர் “கம்பனிக்காரன்ட புள்ளையள்” என்று பகிடி பண்ணினார்கள். ஏன் என்று என்னிடம் கேட்டீர்கள். பிறகு சொல்கிறேன் என்று சொல்லி வருடக்கணக்காகத் தட்டிக் கழித்தேன். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். எழுத்தில் பிழை இருந்தால் திருத்தி வாசியுங்கள்.

1. முதல் நாள்

எழுபத்தெட்டாம் ஆண்டுச் சூறாவளிக்கு முன்னர் நான் தென்னந்தோட்டங்களில் தேங்காய் உரிக்கும் வேலை செய்தேன். சூறாவளிக்குப் பிறகு உரிப்பதற்குத் தேங்காய் இல்லை, மரமே இல்லை. அடுத்த வருடம் கல்முனையில் காசிம்பாவா முதலாளியின் சோடாப் பட்டறையில் ஆள் தேவை என்று கேள்விப்பட்டுப் போனேன்.

முதல் நாள் என்பதால் வெள்ளைச் சாரன் உடுத்து, கொஞ்சம் அத்தரும் பூசிக்கொண்டு போனேன். வாசலில் கால் வைக்கவில்லை, உள்ளேயிருந்து சத்தம் வந்தது.

“யாருடா அது அத்தரோட வாற? இதென்ன கலியாண ஊடா?”

“மொத நாள் எண்டு, முதலாளி…”

“போ, கிணத்தடிக்குப் போய் நல்லா முழுகிட்டு வா. உறைக்கு இந்த மணம் புடிச்சிதெண்டா ஒரு கிழமைக்கு எல்லாரும் அத்தர்தான் குடிக்க வேண்டி வரும்.”

ஈர உடம்போடு வந்த பிறகுதான் என்னை உள்ளே விட்டார். பட்டறையின் இருட்டு மூலையில் ஒரு பெரிய பீங்கான் சாடி இருந்தது. வாயில் வெள்ளைத் துணி கட்டியிருந்தது. தயிருக்கு உறை வைப்பது போல, இஞ்சிச் சோடாவுக்கு உறை அந்தச் சாடியில்தான் இருந்தது. துருவிய இஞ்சி, சீனி, தேசிக்காய், அதாவது எலுமிச்சைப் புளி எல்லாம் சேர்ந்து உள்ளே மெதுவாகப் பொங்கிக்கொண்டிருக்கும். தினமும் காலையில் அதற்கு இஞ்சியும் சீனியும் போட வேண்டும். போடுவதற்கு முன்னர் ஒரு துளியை நாக்கில் வைத்துப் பார்த்துத் துப்ப வேண்டும். இனிப்பு, காரம், புளிப்பு மூன்றும் எந்த அளவில் நிற்கின்றன என்பதைப் பார்த்துத்தான் அன்றைக்கு எவ்வளவு சீனி என்று முடிவு செய்வது. இதற்கு அளவுக் கோப்பை கிடையாது.

“மூக்கு பொய் செல்லும். நாக்கு பொய் செல்லாது,” என்று முதலாளி சொல்வார்.

இஞ்சியை அவித்து வடித்து ஆறவைத்து, சீனியும் உறையும் கலந்து, தடித்த போத்தல்களில் ஊற்றித் தக்கை அடித்து நூலால் கட்டுவோம். மறுநாளே உள்ளே தானாகக் காற்றுக் கட்டிவிடும். மெஷின் தேவையில்லை. பட்டறையில் ஒரு பழைய சோடா மெஷினும் கேஸ் சிலிண்டரும் இருந்தன. ஆனால் அவை வெறும் சோடாவுக்கு மட்டும்.

முக்கியமான சட்டம் ஒன்று இருந்தது. போத்தல் நூலை நாளுக்கு நாள் மாற்றிக் கட்டுவோம்: முதல் நாள் வெள்ளை நூல், இரண்டாம் நாள் பச்சை, மூன்றாம் நாள் சிவப்பு. மூன்றாம் நாள், பொழுதுபடும் மஃரிப் தொழுகைக்கு முன்னர், விற்காமல் கிடக்கும் சிவப்பு நூல் போத்தல்களை திறந்து கழிவுநீர்க் கானில் ஊற்றிவிட வேண்டும். அதற்கு மேல் வைத்தால் பானம் புளித்துப் போதைப் பக்கம் சாய்ந்துவிடும் என்று பெரிய மௌலவி அவருக்குச் சொல்லியிருந்தார். பியர் என்ற சொல்லையே முதலாளி பட்டறைக்குள் எடுக்க விடமாட்டார். “மூணு நாளைக்குப் பொறகு அது வேற சாமான். வேற சாமான் நம்மட பட்டறையில இரிக்கப்படா,” என்பார். எத்தனை போத்தல் மிஞ்சினாலும் அவர் கையாலேயே ஊற்றுவார்.

2. வாங்கில் இருந்தவர்கள்

பட்டறைக்கு முன்னால் வேப்பமரத்தடியில் உட்கார ஒரு நீள வாங்கு கிடந்தது. பின்னேர அஸர் தொழுகைக்குப் பிறகு அதில் ஐந்தாறு பேர் கூடுவார்கள். இரண்டு பேரை நீங்கள் அறிய வேண்டும்.

ஒருவர் அலியார் மாஸ்டர். கணக்குப் படிப்பித்து ஓய்வு பெற்றவர். போத்தலை வெயிலுக்குப் பிடித்துப் பார்த்து, தக்கை கழலும் சத்தத்தைக் கேட்டு, முதல் முறடை வாயில் கொஞ்ச நேரம் வைத்திருந்துதான் விழுங்குவார். மற்றவர் பாண்டிருப்புத் தம்பிராசா கிளாக்கர். நீர்ப்பாசனக் கந்தோரில் வேலை. கந்தோர் விட்டதும் சைக்கிளில் நேராக இங்கேதான் வருவார். இவர்கள் இருவரும் சிவப்பு நூல் போத்தல் மட்டும்தான் குடிப்பார்கள். வெள்ளை நூல் பெண்டுபிள்ளைகளுக்கு என்பது அவர்கள் கட்சி.

“ஆதம்பாவா, நாலாம் நாள் போத்தல் ஒண்டு ஒளிச்சி வெச்சிரிக்கயா?” என்று தம்பிராசா கிளாக்கர் என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டுவார்.

“முதலாளி கேட்டாரெண்டா உங்களையும் கானுக்குள்ள ஊத்திருவார் ஐயா.”

“ஊத்தட்டும்கா. அந்தக் கானுக்குள்ள போற தண்ணிக்குக் குடுத்து வெச்சிரிக்கு.”

அந்த வருடங்களில்தான் கொழும்புக் கம்பனியின் ஏஜென்சி கல்முனைக்கு வந்தது. வர்ணம் பூசிய லொறி, கடைகளுக்கு இலவசமாகப் போர்டு, ரேடியோவில் பாட்டு. அவர்களிடமும் ஒரு இஞ்சிப் பானம் இருந்தது. மாதக்கணக்கில் வைத்தாலும் கெடாது. கடைக்காரர்களுக்கு அது வசதி.

வாங்கில் இருந்தவர்களுக்கு அந்தக் கம்பனி மீது இருந்த வெறுப்பைச் சொல்லி முடியாது. லொறி றோட்டால் போனால் மாஸ்டர் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

“அவனுகள் இஞ்சியக் கண்ணால கண்டிரிப்பானுகளா? எல்லாம் பவுடர்,” என்பார்.

“போத்தல் எல்லாம் பட்டாளம் மாதிரி ஒரே வரிசையில நிக்கி மாஸ்டர். ஒண்டாவது வெடிச்சிரிக்கா? வெடிக்காத போத்தலும் ஒரு போத்தலா?” என்று கிளாக்கர் எடுத்துக் கொடுப்பார்.

“மூணு மாசம் கெடாதாம். மையித்துக்குக் கற்பூரம் போட்ட மாதிரி. செத்த தண்ணி அது. நம்மட முதலாளிர தண்ணிக்கி உசிரு இரிக்கி. உசிருள்ளது மூணு நாளைக்குத்தான் நிக்கும்.”

எங்கள் போத்தலில் சிலது காரம் கூடும், சிலது இனிப்புக் கூடும், சிலது திறக்கும்போது சட்டையெல்லாம் நனைக்கும். அதையெல்லாம் அவர்கள் குறையாகப் பார்க்கவில்லை. அதுதான் அடையாளம் என்றார்கள். கடையில் கம்பனிச் சோடா வாங்கிய ஒருவர் அந்த வாங்கில் வந்து உட்கார முடியாது. எழும்பிப் போகும்வரை பகிடி பண்ணுவார்கள்.

எனக்கும் அந்த வாங்கில் ஒரு இடம் கிடைத்தது. முதலில் போத்தலை நீட்டிவிட்டு உள்ளே போய்விடுவேன். ஒருநாள் மாஸ்டர், “எங்க ஓடுறாய்? இஞ்ச குந்து. இண்டைக்கி இஞ்சி எந்த ஊருது, செல்லு பாப்பம்,” என்றார். நான் சொன்னேன். எல்லாரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். உங்களுக்கு இது சின்ன விஷயமாக இருக்கும். தேங்காய் உரித்தவனிடம் அதுவரை யாரும் எதற்கும் அபிப்பிராயம் கேட்டதில்லை. படித்த மனிதர்கள் நடுவில் நான் உட்கார்ந்திருந்தேன். பட்டறையை விட அந்த வாங்குதான் எனக்குப் பெரிதாக இருந்தது என்பதை இப்போது ஒளிக்காமல் சொல்கிறேன்.

3. நோன்பு மாதம்

எண்பத்து நான்காம் ஆண்டு முதலாளிக்குப் பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. படுக்கையில் இருந்தபடியே பட்டறையை என் பொறுப்பில் விட்டார். பிள்ளைகள் இருவரும் சவூதியில் இருந்தார்கள். இரண்டு மாதத்தில் நோன்பு வந்தது.

நோன்பு பிடித்திருப்பவன் பகலில் நாக்கில் எதையும் வைக்கமாட்டான். அதனால் நோன்பு மாதத்தில் உறையைப் பார்க்கும் நேரம் மாறும். முதலாளி எனக்குச் சொல்லிவிட்டது இதுதான்: “நோம்பு தொறந்து ஒரு பேரீச்சம்பழம், ஒரு முறடு தண்ணி. அடுத்தது உறை. அதுக்குப் பொறகுதான் கஞ்சி.” அவரே அத்தனை வருடமும் பட்டறையில்தான் நோன்பு திறந்தார்.

முதல் இருபது நாளும் நானும் அப்படியே செய்தேன். கடைசிப் பத்தில் பட்டறையில் வழக்கமாகச் சோடா போடுவதில்லை. உறைக்குத் தீனி மட்டும் போட்டு வைத்திருந்து, பெருநாளுக்கு முன்னர் ஒரே அடியாகப் போடுவோம். அந்த வருடம் கடைசிப் பத்தில் உங்கள் உம்மா மூத்தவளை வயிற்றில் வைத்துக்கொண்டு மயக்கமும் வாந்தியுமாகக் கிடந்தாள். நான் மஃரிபுக்கு முன்னரே வீட்டுக்குப் போனேன். காலையில் வந்து உறைக்கு இஞ்சியும் சீனியும் போடுவேன். ருசி பார்க்க முடியாது. மணந்து பார்ப்பேன். கச்சான் காற்றுப் புழுதியில் என் மூக்கு அடைத்துப்போயிருந்தது. சரியாகத்தான் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

தேவைக்காக நுனிநாக்கில் வைத்துப் பார்த்துத் துப்பினால் நோன்பு முறியாது, சமைக்கிறவர்கள் அப்படிச் செய்யலாம் என்று பிறகு ஒரு மௌலவி சொன்னார். எனக்கு அது தெரியாது. கேட்கவுமில்லை.

இருபத்தெட்டாம் நோன்பு அன்று பட்டறையில் நோன்பு திறந்துவிட்டு, பெருநாள் வேலையைத் தொடங்கலாம் என்று சாடியின் துணியை அவிழ்த்தேன். மேலே தோல் மாதிரி ஒரு ஆடை படிந்திருந்தது. நாக்கில் வைத்தேன். வினாகிரி. தொண்டை வரைக்கும் எரிந்தது. மேலாடையை எடுத்துவிட்டு அடியில் இருந்ததைப் பார்த்தேன். அதுவும் அப்படித்தான். எத்தனை வருடமாக முதலாளி காத்து வந்த உறை என்று எனக்குத் தெரியாது. ஒரு கிழமைக்குள் நான் அதைக் கொன்றுவிட்டேன்.

புது உறை பிடிக்க ஒரு மாதமாவது வேண்டும். பெருநாளுக்கு இரண்டு நாள்தான் இருந்தது. ஊரில் எத்தனையோ வீடுகள் சொல்லி வைத்திருந்தன. முதலாளியிடம் போய்ச் சொல்லலாம். ஆனால் அதிர்ச்சி ஒன்றும் கொடுக்கக்கூடாது என்று டொக்டர் சொல்லியிருந்தார். இது காரணம்தான். உண்மையில் நான் பயந்தது மாஸ்டருக்கும் கிளாக்கருக்கும். “உறையச் சாவடிச்சவன்” என்று அந்த வாங்கில் ஒரு சொல் விழுந்தால் நான் திரும்பவும் பழைய தேங்காய்க்காரன்தான்.

4. சம்மாந்துறையில் வாங்கியது

அடுத்த நாள் காலை சுபுஹு தொழுதுவிட்டு சைக்கிளை எடுத்துக்கொண்டு சம்மாந்துறைக்குப் போனேன். கல்முனையில் வாங்கினால் யாராவது காண்பார்கள். அங்கே கம்பனிச் சோடா மொத்தமாக விற்கும் ஒரு கடையில் கலியாண வீட்டுக்கு என்று சொல்லி இஞ்சிப் பானம் பெட்டி பெட்டியாக வாங்கினேன். நெல் மில்லுக்கு வந்த ஒரு டிரக்டரில் சாக்குப் போட்டு மூடிக் கொண்டுவந்து பின்வாசலால் இறக்கினேன்.

கதவைப் பூட்டிக்கொண்டு ஒவ்வொரு போத்தலாகத் திறந்து பெரிய அண்டாவில் ஊற்றினேன். அவித்த இஞ்சிச் சாறும் தேசிக்காய்ப் புளியும் சேர்த்தேன். சோடா மெஷினில் திரும்பவும் கேஸ் ஏற்றினேன். எங்கள் போத்தலில் அடைத்துத் தக்கை அடித்து நூல் கட்டினேன். சில போத்தலுக்குக் கேஸ் கூட்டி, சிலதுக்குக் குறைத்து அடித்தேன். எல்லாம் ஒரே மாதிரி இருந்தால் மாஸ்டர் பிடித்துவிடுவார் அல்லவா?

நோன்பு திறந்த பிறகு ஒரு போத்தலைத் திறந்து குடித்தேன். ஐந்து வருடம் என் கையால் செய்த சோடாவுக்கும் அதற்கும் என் நாக்குக்கே அதிக வித்தியாசம் தெரியவில்லை. அது எனக்குச் சந்தோஷமாக இருக்கவில்லை.

பெருநாள் தொழுகை முடிந்து முதலாளி வீட்டுக்கு முதல் போத்தலைக் கொண்டுபோனேன். அவர் மனைவி தலையணையில் சாய்த்துப் பிடிக்க, ஒரு முறடு குடித்தார். வாயில் வைத்திருந்தார். என்னை நீண்ட நேரம் பார்த்தார். விழுந்த வாயால் குழறி, “நல்லாரிக்கி” என்றார். மீதியைக் குடிக்கவில்லை, கையால் தள்ளிவிட்டார். அவருக்கு விளங்கியதா, வருத்தக்கார மனிதனுக்கு அவ்வளவுதான் குடிக்க முடிந்ததா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

5. இரண்டு கிளாஸ்

பெருநாளுக்கு மறுநாள், போத்தல் அடைத்த மூன்றாம் நாள், வாங்கில் எல்லாரும் கூடினார்கள். அலியார் மாஸ்டரின் மருமகன் ஒருவன் கொழும்பிலிருந்து வந்திருந்தான். “மாமா, கம்பனிச் சாமானும் நல்லாத்தானே இரிக்கி,” என்று வாய் விட்டுவிட்டான். மாஸ்டர் அவனை விடவில்லை. கடையில் ஒரு கம்பனிப் போத்தல் வாங்கிவரச் சொன்னார். அவர் காசு கொடுத்து அதை வாங்கி நான் கண்டது அந்த ஒரு தடவைதான்.

வாங்கில் இரண்டு கிளாஸ் வைத்தார். ஒன்றில் கம்பனிச் சோடா. மற்றதில் எங்கள் சிவப்பு நூல் போத்தல். அதாவது, ஒன்றில் கம்பனிச் சோடா, மற்றதிலும் கம்பனிச் சோடா.

முதலாவதைக் குடித்து முகத்தைச் சுளித்தார். “பாத்தீங்களா? வாயில நிக்கிதா? சீனித்தண்ணி. செத்துப் போச்சி.” பிறகு மற்றதைக் குடித்தார். கண்ணை மூடினார். “இது உசிரு. அடித்தொண்டையில புடிக்கிது பாரு.”

தம்பிராசா கிளாக்கர் இரண்டையும் குடித்துவிட்டு, “கம்பனித் தண்ணியக் குடிச்சா எங்கட கந்தோர்ப் பெரியய்யா சம்பளத்தில கைவெச்ச மாதிரி இரிக்கு. முதலாளிர தண்ணியக் குடிச்சாச் சம்பளம் கூட்டின மாதிரி இரிக்கு,” என்றார். எல்லாரும் சிரித்தார்கள்.

மருமகன் இரண்டையும் குடித்தான். “எனக்கெண்டா ரெண்டும் கிட்டக்கிட்ட ஒண்டாத்தான் இரிக்கி, மாமா.”

“உன்ட நாக்கக் கொழும்பு திண்டுட்டு. இரு, செய்த கைகாரனயே கேப்பம். ஆதம்பாவா! நீ குடிச்சிச் செல்லு. எது உசிர்த்தண்ணி?”

பிள்ளைகளே, உண்மையைச் சொல்ல எனக்கு அந்த நேரம் வாசல் திறந்திருந்தது. அங்கே வைத்துச் சொல்லியிருக்கலாம். கொஞ்சப் பேர் சிரித்திருப்பார்கள், மாஸ்டர் கோபித்திருப்பார், ஒரு மாதத்தில் மறந்திருப்பார்கள். நான் இரண்டு கிளாஸையும் எடுத்துக் குடித்தேன். இரண்டாவதைக் காட்டி, “இதுதான் மாஸ்டர், உசிர்த்தண்ணி,” என்றேன்.

மாஸ்டர் மருமகனைப் பார்த்து, “கேட்டியா?” என்றார்.

மஃரிபுக்கு நேரமானதால் மிஞ்சிய சிவப்பு நூல் போத்தல்களை ஊற்ற வேண்டும். அது கெடாத சாமான். ஊற்றத் தேவையே இல்லை. ஊற்றாவிட்டால் சந்தேகம் வரும். அவர்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க ஒவ்வொன்றாகத் திறந்து கானில் ஊற்றினேன். மாஸ்டர் சொன்னார்:

“பாருங்க. எந்தக் கம்பனிக்காரன் தன்ட சாமானக் கானுக்குள்ள ஊத்துவான்?”

அவர்கள் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நான் அவர்கள் நடுவில்தான் உட்கார்ந்திருந்தேன். எனக்குப் பக்கத்தில் யாருமே இல்லாதது போல இருந்தது. அந்த நாளுக்குப் பிறகு அந்த வாங்கு எனக்குப் பழைய வாங்கு இல்லை.

இடையில் புது உறையும் வைத்துப் பார்த்தேன். காரம் வந்தது, மணம் வரவில்லை. இரண்டு மாதம் சம்மாந்துறைக்கும் கல்முனைக்கும் இடையில் ஓடினேன். சம்மாந்துறைக் கடைக்காரர் ஒருநாள் கேட்டார்: “என்ன தம்பி, உங்கட ஊருல கிழமைக்கு ஒரு கலியாணமா? எங்கட பக்கம் மாப்பிள்ள கிடைக்கிதில்ல, ரெண்டு பேர அனுப்புங்களன்.”

6. கம்பனிச் சட்டை

இரண்டு மாதம் முடிய முதலாளி கண்ணை மூடி மவுத்தானார். சவூதியில் இருந்த பிள்ளைகள் பட்டறையை நடத்த விரும்பவில்லை. கட்டடம் துணிக்கடைக்குப் போனது. மரத்தடி வாங்கும் அகற்றப்பட்டது. வாங்கில் கூடியவர்கள் கொஞ்சம் தள்ளி ஒரு தேத்தண்ணிக் கடைக்கு இடம் மாறினார்கள்.

எனக்கு அப்போது முதல் பிள்ளை பிறக்க இருந்தது. கம்பனி ஏஜென்சியில் கடைகளை அறிந்த ஒருவரைத் தேடினார்கள். வேறு வேலை கிடைக்கவில்லை. போனேன். காக்கிச் சட்டை தந்தார்கள். நெஞ்சில் கம்பனிப் பெயர் தைத்திருந்தது.

இரண்டு கிழமைப் பயிற்சிக்குக் கொழும்புக்கு அனுப்பினார்கள். எனக்குச் சிங்களம் தெரியாது. லொட்ஜ் அறையில் பேச ஆளில்லை. ஆனால் அங்கே கண்ட ஒன்றை நான் மறக்கவில்லை. தொழிற்சாலையில் மூட்டை மூட்டையாக இஞ்சி கிடந்தது. வீட்டைவிடப் பெரிய தொட்டிகளில் அது எங்கள் உறை மாதிரியே பொங்கிக்கொண்டிருந்தது. வெள்ளைக் கோட்டுப் போட்ட வயதான சிங்கள மனிதர் ஒருவர் சின்னக் குழாயைத் திறந்து ஒரு துளியை நாக்கில் வைத்துப் பார்த்துத் துப்பினார். பிறகு கடதாசியில் குறித்தார். எங்களைக் கூட்டிக்கொண்டுபோன தமிழ் சூப்பர்வைசரிடம் கேட்டேன்.

“மிஷின் இருக்கே சேர், நாக்கு எதுக்கு?”

“மிஷினும் இருக்கு. ஆனா அவர் மூணு தரம் ருசி பார்த்துச் சைன் வைக்காம டேங்க் திறக்க மாட்டாங்க. அவருக்குக் காய்ச்சல் வந்தா அவருக்குப் பதில் பார்க்கிறதுக்கு இன்னொருத்தர் இருக்கார்.”

நான் அந்த இடத்தில் நின்றுவிட்டேன். பதில் பார்க்க இன்னொருவர். எங்கள் பட்டறையில் அது இருக்கவில்லை. பொங்கியதைப் பிறகு வடித்துச் சூடாக்கி அடைக்கிறார்கள், அதனால்தான் கெடுவதில்லை. மாஸ்டர் செத்த தண்ணி என்றது அந்த அளவுக்குச் சரி. பவுடர் என்றது பிழை. எங்கள் முதலாளியின் உண்மையான சோடா இதைவிட நல்லதுதான், அதை நான் இன்றும் சொல்வேன். ஆனால் அந்தப் பெரியவர் துப்பியதைப் பார்த்த பிறகு அந்தக் கம்பனியைப் பழிக்க எனக்கு வாய் வரவில்லை.

திரும்பி வந்து லொறியில் ஏறினேன். அக்கரைப்பற்று, சம்மாந்துறை, பொத்துவில் எல்லாம் போவேன். தேத்தண்ணிக் கடையைக் கடக்கும்போது மாஸ்டர் முகத்தைத் திருப்புவார். முன்னர் லொறிக்குத் திருப்பிய முகத்தை இப்போது எனக்குத் திருப்பினார். ஒருநாள் இறங்கிப் போய் ஸலாம் சொன்னேன். பதில் ஸலாம் சொன்னார்கள். அது கடமை. கடைக்காரர் பிளேன்டீ கொண்டுவந்து வைத்தார். நான் குடித்து முடிக்கும் வரை ஒருவரும் பேசவில்லை. எழும்பி வெளியே வந்ததும் பின்னால் பேச்சுத் தொடங்கியது.

நான் உள்ளுக்குள் இருந்து பட்டறையைக் கம்பனிக்குக் காட்டிக்கொடுத்தேன், அதனால்தான் மூடினார்கள் என்று ஊரில் கதை பரவியது. பள்ளிவாசலில் தோளோடு தோள் நின்று தொழுவோம். தொழுது முடிந்ததும் எல்லாரும் இரண்டு மூன்று பேராகப் பிரிந்து கதைத்துக்கொண்டு போவார்கள். நான் செருப்பைத் தேடுவது போல நின்றுவிட்டுத் தனியாகப் போவேன். எண்பத்தைந்தில் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் இடையில் நடந்த கலவரத்துக்குப் பிறகு தம்பிராசா கிளாக்கர் இந்தப் பக்கம் வருவது நின்றது. பிறகு மட்டக்களப்புக்கு மாறிப்போனார் என்று கேள்வி. அவரை நான் திரும்பக் காணவேயில்லை.

7. மாஸ்டர் வீட்டில்

நான்கு வருடம் அப்படிப் போனது. மாஸ்டருக்குக் கண் மங்கி, வெளியில் வராமல் வீட்டில் இருக்கிறார் என்று கேள்விப்பட்டேன். அவர் மவுத்தாவதற்கு முன்னர் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். ஒரு வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து போனேன். கம்பனிச் சட்டையை மாற்றிக்கொண்டுதான் போனேன்.

கதிரையில் இருந்தார். குரலை வைத்துப் பிடித்துக்கொண்டார்.

“ஆதம்பாவாவா? கம்பனிக் கதையெண்டா வேணாம்.”

“கம்பனிக் கதையில்ல மாஸ்டர். பட்டறைக் கதை.”

எல்லாவற்றையும் சொன்னேன். நோன்பு, உறை, சம்மாந்துறை, அந்த இரண்டு கிளாஸ். முடித்ததும் அவர் கேட்டார்:

“இதச் செல்லச் செல்லி உன்ன அனுப்பினது யாரு? மெனேஜரா?”

“ஒருத்தரும் அனுப்பல்ல மாஸ்டர். அல்லாட ஆணையா…”

“ஆணையிடாத. மவுத்தான மனிசன்ட பேருல மண்ணள்ளிப் போட்றதுக்கு ஆணை வேறயா? காசிம்பாவாட சோடாவும் கம்பனிச் சோடாதான் எண்டு ஊரு நம்பினா யாருக்கு லாபம்? எனக்குக் கணக்குத் தெரியாதாடா?”

“முதலாளி மேல ஒரு பிழையுமில்ல மாஸ்டர். எல்லாம் நான் செய்த.”

“நான் குடிச்சன். இந்த வாயால குடிச்சன். உசிருள்ளதும் செத்ததும் எனக்குத் தெரியாதா? நீயே அண்டைக்கிக் குடிச்சிச் செல்லல்லயா, இதுதான் உசிர்த்தண்ணி எண்டு? அண்டைக்கி நீ நம்மட ஆள். உண்மை கதைச்சாய். இண்டைக்கி நீ திங்கிற சோறு கதைக்கிது.”

உள்ளேயிருந்து அவர் மனைவி, “தேத்தண்ணி ஊத்தட்டா?” என்று கேட்டார்.

“வேணாம். அவரு போகப்போறாரு,” என்றார் மாஸ்டர். பிறகு என் பக்கம் திரும்பி, “போயிட்டு வாங்க,” என்றார். அத்தனை வருடத்தில் என்னை அவர் நீ என்றுதான் கூப்பிட்டிருக்கிறார். கோபத்தில் திட்டும்போதும் நீ என்றுதான் திட்டினார். எழும்பி வரும்போது எனக்கு வலித்தது அந்த மரியாதைதான்.

அடுத்த வருடம் மவுத்தானார். ஜனாஸாத் தொழுகையில் கடைசி வரிசையில் நின்று தொழுதேன்.

பிள்ளைகளே, இதிலிருந்து நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது கம்பனி நல்லதா பட்டறை நல்லதா என்பது அல்ல. நீங்கள் எந்த வேலைக்குப் போனாலும் பிழை செய்வீர்கள். பிழை செய்த அன்றைக்கே, அந்த இடத்திலேயே, வெட்கத்தோடு சொல்லிவிடுங்கள். அன்றைக்குச் சொன்னால் அது உங்கள் பிழை. நாள் கழித்துச் சொன்னால், சொல்கிற நேரத்தில் நீங்கள் யாரிடம் வேலை செய்கிறீர்களோ அவருடைய வார்த்தையாகத்தான் அது மற்றவர் காதில் விழும்.

மாஸ்டர் என்னை நம்பாமலே போய்விட்டார். பிடிவாதக்காரர் என்று பலர் சொன்னார்கள். நான் அப்படிச் சொல்லமாட்டேன். என் சொல்லை அவர் ஒருபோதும் தள்ளவில்லை. அந்த வாங்கில் நான் எந்தச் சொல்லைப் பொய்யாகச் சொன்னேனோ, அந்தச் சொல்லைத்தான் கடைசிவரை நம்பினார்.